கோயிலுக்கு எதிரே இடது பக்கம்

சிம்பாங் ரெங்கம்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள ராணிக்கு,

உன் புருஷன் கமலநாதன் எழுதுவது. உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. சிறைச்சாலைத் தரையில் படுத்து முதுகுதான் பலகை மாதிரி ஆகிவிட்டது. உன் சர்க்கரை எவ்வளவில் இருக்கிறது? லோஷினி படிக்கிறாளா, போனைத் தேய்த்துக்கொண்டு இருக்கிறாளா?

உனக்கு லைசன்ஸ் கிடைத்த செய்தி படித்துச் சத்தமாகவே சிரித்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் லோரி ஓட்டினவன் பெண்டாட்டி, என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் டோல் வருவதற்குள் தூங்கிவிடுகிறவள், நாற்பத்து நாலு வயதில் லைசன்ஸ்! "கோப்பி லைசன்ஸா?" என்று அறையில் கேட்டார்கள். லஞ்சம் கொடுத்து வாங்கியிருந்தால் எதற்கு இரண்டு தடவை பெயிலாகப் போகிறாள் என்று சொன்னேன். தொழிற்சாலை பஸ் நின்று போனதும் நீ வேலையை விட்டுவிடுவாய் என்று பயந்திருந்தேன். நல்ல வேலை செய்தாய்.

இப்போது நான் சொல்வதைக் கேள். முதல் மாதம் ஒரே வழியில் போ, ஒரே வழியில் வா. குறுக்கு வழி காட்டும் போனை நம்பாதே. புலாத்தானில், ரவுண்டானாவில், வலது பக்கமிருந்து வருகிறவனுக்கு வழி விடு, அவன் எவ்வளவு பழைய வண்டியில் வந்தாலும் சரி. மழை பிடித்தால் மோட்டார் சைக்கிள்காரர்கள் பாலத்தடியில் ஒதுங்கி நிற்பார்கள், இடது ஓரம் போகாதே. பின்னால் ஹாரன் அடிக்கிறவன் பேச்சைக் கேட்காதே. அவன் உனக்குத் தாலி கட்டினவன் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. காரணமில்லாமல் பிரேக் அடிக்காதே. புதிதாகத் தனியாக ஓட்டுகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு அதுதான். அந்தச் செட்டியார் வீட்டுப் பெண் யுவனேஸ்வரி அதைத்தான் செய்தாள். லைசன்ஸ் எடுத்து மூன்றே வாரம். காலி ரோட்டில் திடீரென்று நிறுத்தினாள். என் டிரெய்லர் என்ன சைக்கிளா, நினைத்த இடத்தில் நிற்க? பத்தொன்பது வயதில் போய்விட்டாள், பாவம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் அடித்த பிரேக்குக்கு எனக்கு ஐந்து வருஷம் தண்டனை. ஜூலையில் அப்பீல். நீதிபதிக்குக் கண் இருந்தால் வீட்டுக்கு வருவேன்.

டயருக்குக் காற்றைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
கமலநாதன்


பெர்மாஸ் ஜெயா,
23 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

செல்வராணி வணக்கத்துடன் எழுதுவது. எனக்கும் லோஷினிக்கும் சுகத்துக்குக் குறைவில்லை. சர்க்கரை போன மாதத்தைவிட இறங்கியிருக்கிறது. நீங்கள் முதுகுக்கு மருந்து கேட்டு வாங்குங்கள், வீராப்பு வேண்டாம்.

ஒரு வாரமாகப் பாசிர் கூடாங்குக்கு நானே ஓட்டிப் போகிறேன். முதல் நாள் சிக்னலில் நம் விவா கார் இரண்டு தடவை நின்றுவிட்டது. பின்னால் ஒருத்தன் விடாமல் ஹாரன் அடித்தான். தாலி கட்டினவன் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். தாலி கட்டினவர் அடிக்கிற ஹாரன்தான் சிம்பாங் ரெங்கத்திலிருந்து இங்கே வரைக்கும் கேட்கிறதே. தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்கிறேன்.

உங்களுக்குப் பிடிக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். புது லைசன்ஸ்காரர்கள் ஒட்டுகிற P-யைக் கண்ணாடியில் ஒட்டியபோது எனக்கு அந்தப் பெண் ஞாபகம் வந்தது. அவளும் இப்படித்தானே நகத்தால் தேய்த்து ஒட்டியிருப்பாள். கோர்ட்டில் அவள் அம்மா வேதநாயகி படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "நாந்தான் அன்னிக்கு நீயே போய்ட்டு வாம்மான்னு சொன்னேன்" என்று அழுதார்களே, அது இன்னும் காதில் இருக்கிறது. அப்போது நானும் வாய் கூசாமல் சொன்னேன், P ஒட்டின பிள்ளையை எந்தத் தாயாவது தனியாக அனுப்புவாளா என்று. இப்போது லோஷினி என்னிடம் கேட்கிறாள், "நீ மட்டும் தனியா போறியேம்மா?"

கவலைப்படாதீர்கள். காரணமில்லாமல் பிரேக் அடிக்க மாட்டேன்.

உங்கள்,
செல்வராணி


சிம்பாங் ரெங்கம்,
9 மார்ச் 2025

அன்புள்ள ராணிக்கு,

நான் இருக்கிற மாதிரியே இருக்கிறேன். மருந்து கேட்டேன், கொடுத்தார்கள். நீயும் பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு எழுதாதே. எனக்கு மட்டும் தூக்கம் வருகிறது என்று நினைத்தாயா?

ஒரு முக்கியமான வேலை. வக்கீல் ஹேமநாதன் வந்தார். விபத்து நடந்த இடத்தை வீடியோ எடுத்துக் கொடுத்தால் அப்பீலுக்கு உதவும் என்கிறார். அங்கே பிரேக் அடிக்க ஒன்றுமே இல்லை என்று காட்ட வேண்டும். சிக்னல் இல்லை, சந்து இல்லை, வளைவு இல்லை. இரண்டு பக்கமும் செம்பனை மட்டும்தான். யாரையும் கேட்டு நிற்காதே, நீயே போ. இப்போதுதான் உனக்கு லைசன்ஸ் இருக்கிறதே.

காலையில் நான் போகிற நேரத்துக்கே போ. ஹைவேயில் கெலாங் பாத்தா பக்கம் இறங்கி, துறைமுகத்துக்குப் போகிற பழைய ரோட்டைப் பிடி. போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டி ஓடவிடு. மரப்பட்டறை தாண்டியதும் வலது பக்கம் சிவப்புச் சுவரோடு முனியாண்டி கோயில் வரும். அதை அடுத்ததுதான் இடம்.

ஐயாவைக் கும்பிடாமல் தாண்டிவிடாதே. ஒரு கையால் நெஞ்சைத் தொட்டுவிட்டுப் போகிறவன்களும் உண்டு, எனக்கு அது பிடிக்காது, ஐயாவுக்கும் பிடிக்காது. நேர் ரோடுதான். ஸ்டீயரிங்கை முழங்காலால் லேசாகத் தாங்கிக்கொள். இரண்டு கையும் சேர்த்து, கண்ணை மூடி, "ஐயா துணை" என்று மனசாரச் சொல். பதினொரு வருஷம் அந்த வழியில் ஒரு நாள் நான் தவறியதில்லை. அன்றைக்கும் கும்பிட்டேன். அதனால்தான் லோரியின் முன்பக்கம் அப்படி நசுங்கியும் நான் உயிரோடு இருக்கிறேன்.

அன்புடன்,
கமலநாதன்


பெர்மாஸ் ஜெயா,
30 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோருக்கும் சுகம். லோஷினிக்குத்தான் இரண்டு நாள் காய்ச்சல் அடித்து இறங்கியிருக்கிறது. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள், அப்படியே உங்கள் வாரிசு.

இன்னும் போகவில்லை. திட்டாதீர்கள். போன ஞாயிறு ஹைவே வரை போய்விட்டு முதல் சந்திப்பிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். பக்கத்தில் ஒரு டிரெய்லர் வந்தது. அதன் சக்கரம் என் கண்ணுக்கு நேரே சுற்றுகிறது, விவா ஆடுகிறது, எனக்குக் கை வழுக்குகிறது. இத்தனை வருஷம் அந்த உயரத்தில் உட்கார்ந்து எங்களையெல்லாம் இப்படித்தான் பார்த்தீர்களா? கீழேயிருந்து பார்த்தால் நீங்கள் எல்லாரும் ராட்சசர்கள்.

நாளைக்குப் பெருநாள். ஊருக்குப் போகிறவர்கள் கூட்டத்தில் ரோடு நிரம்பி வழிகிறது. அது முடியட்டும், போகிறேன். முழங்காலால் தாங்கச் சொல்கிறீர்கள். என் கால் பெடலுக்கு எட்டுவதே சீட்டை முன்னால் இழுத்தால்தான். வீட்டு வாசலில் நிறுத்தி வைத்து முழங்காலை வைத்துப் பார்த்தேன். லோஷினி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "அலமாக், யோகாவாம்மா?" என்றாள்.

ஐயாவைக் கும்பிடாமல் போக மாட்டேன், போதுமா? எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. துணை வேண்டும்.

உங்கள்,
செல்வராணி


சிம்பாங் ரெங்கம்,
10 ஏப்ரல் 2025

அன்புள்ள ராணிக்கு,

புத்தாண்டு வாழ்த்து உனக்கும் பிள்ளைக்கும். காய்ச்சல் முழுதாக விட்டதா? இங்கே சித்திரைக்குப் பாயசம் தருவதாகப் பேச்சு, வந்தால்தான் நிஜம்.

போய்விட்டு வா ராணி. தள்ளிப் போடாதே. ஹேமநாதனுக்குத் தயார் பண்ண நேரம் வேண்டாமா? நான் உள்ளே ஒவ்வொரு நாளையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன், நீ வெளியே ராட்சசன் பூதம் என்று கதை எழுதுகிறாய்.

டிரெய்லருக்குப் பயப்படாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். அதன் பக்கக் கண்ணாடியைப் பார். ஓட்டுகிறவன் முகம் உனக்குத் தெரிந்தால் அவனுக்கும் உன்னைத் தெரியும். தெரியாவிட்டால் நீ அங்கே இல்லை என்று வைத்துக்கொள். உடனே முன்னால் போ அல்லது பின்னால் வா, பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வராதே. முன்னால் போகிற வண்டியோடு இடைவெளி விடு. ஒருத்தன் நடுவில் வந்து நுழைந்தால் நுழையட்டும், மறுபடி இடைவெளி விடு. கண்ணை ரோட்டில் தூரமாக வை, பம்பரைப் பார்த்து ஓட்டாதே. இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். தெரிந்தே எனக்கு இந்தக் கதி.

வீடியோ முக்கியம். மறக்காதே.

அன்புடன்,
கமலநாதன்


பெர்மாஸ் ஜெயா,
21 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். லோஷினி பள்ளிக்குப் போகிறாள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேற்று போய் வந்தேன். வீடியோ எடுத்தேன். வண்டியின் இடது பக்கக் கதவில் கீறல் விழுந்திருக்கிறது. எனக்கு அடி ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், யோசித்துப் பதில் எழுதுங்கள். அந்த முனியாண்டி கோயிலுக்கு எதிரே, இடது பக்கம், என்ன இருக்கும்?

செல்வராணி


சிம்பாங் ரெங்கம்,
4 மே 2025

அன்புள்ள ராணிக்கு,

கீறல் எப்படி விழுந்தது? யார் மேலாவது உரசினாயா? ரிப்போர்ட் எழுதினார்களா? இரண்டு வரியில் கடிதம் எழுதினால் உள்ளே இருக்கிறவன் என்ன நினைப்பான்? உனக்கு ஒன்றுமில்லை என்பதை நிஜம் என்று நம்புகிறேன்.

இடது பக்கம் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. செம்பனை, ஓரத்தில் கால்வாய், அவ்வளவுதான். போலீஸ் வரைந்த படத்தில்கூட அந்தக் கால்வாய்க்கு ஒரு கோடு போட்டிருந்தார்களே, கோர்ட்டில் பார்த்தாய் அல்லவா? பதினொரு வருஷம் போன ரோடு, எனக்கா தெரியாது? மரப்பட்டறை, பஸ் நிற்கிற இடம், கோயில், அப்புறம் புதுத் தாமான் வீடு விற்கிற போர்டு. வேண்டுமானால் எத்தனை பள்ளம் என்றுகூடச் சொல்வேன்.

வீடியோவை ஹேமநாதனிடம் கொடுத்தாயா? உடனே பதில் போடு. லோஷினிக்கு என் அன்பு.

கமலநாதன்


சிம்பாங் ரெங்கம்,
29 மே 2025

அன்புள்ள ராணிக்கு,

இந்த மாதம் முழுக்க உன் கடிதம் இல்லை. நீ சுகமா? பிள்ளை சுகமா? அதை மட்டுமாவது எழுது.

ஹேமநாதன் வந்திருந்தார். வீடியோ வரவில்லை என்கிறார். போன் பண்ணினால் அக்கா "அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிடுகிறார்கள் என்கிறார். என்ன நடந்தது? யாராவது உன்னை மிரட்டினார்களா? அந்தப் பெண் வீட்டார் வந்தார்களா?

எதையும் அடக்கி வைத்துக்கொள்கிறவள் இல்லை நீ. கோபம் வந்தால் பாத்திரத்தை உருட்டுவாய், இரண்டு தெருவுக்குக் கேட்கும். நீ சத்தமில்லாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். முன்கோபத்தில் ஏதாவது எழுதியிருந்தால் மன்னித்துக்கொள். ஒரு வரி போடு ராணி.

கமலநாதன்


பெர்மாஸ் ஜெயா,
10 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் லோஷினியும் சுகமாக இருக்கிறோம். யாரும் மிரட்டவில்லை. எழுத உட்கார்ந்து எழுந்து போய், உட்கார்ந்து எழுந்து போய் இத்தனை நாள் ஆகிவிட்டது. உங்களைத் தவிக்க விட்டதற்கு வருத்தப்படுகிறேன். இதை அங்கே யார் பிரித்துப் படித்தாலும் பரவாயில்லை.

அன்று நீங்கள் சொன்னபடியே போனேன். ஹைவேயில் பயம் போய்விட்டது, பக்கக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். மரப்பட்டறை வந்தது. எனக்கு முன்னால் ஒரு வேன். நீங்கள் சொன்ன இடைவெளி விட்டிருந்தேன். கோயில் சிவப்பாகத் தெரிந்ததும் முழங்காலை ஸ்டீயரிங்கில் வைத்தேன், கோயில் பக்கம் தலையைத் திருப்பினேன், இரண்டு கையும் சேர்த்தேன், கண்ணை மூடினேன். ஐயா துணை என்று மனசாரத்தான் சொன்னேன். உங்களை வீட்டுக்கு அனுப்பி வை என்றும் ஒரு வார்த்தை கூடச் சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது வேன் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்விளக்கு முழுக்க என் கண்ணாடியில். நான் அலறிக்கொண்டே இடது பக்கம் ஒடித்தேன். புல்லில் ஏறி, ஒரு கம்பத்தை உரசி, விவா நின்றது. வேன்காரருக்கு நான் பின்னால் வந்ததே தெரியாது, அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

அங்கே சந்து இருக்கிறது மாமா.

கோயிலுக்கு நேர் எதிரே, செம்பனைக்கு நடுவே, செம்மண் சந்து. சந்து முனையில் புல் உயரமாக இருக்கிறது, ஆனால் பார்த்தால் தெரியும். அதிலிருந்து ஒரு மோட்டார் வெளியே வந்திருக்கிறது, தோளில் குலை அறுக்கிற கொக்கிக் கம்போடு ஒரு ஆள். அவருக்காகத்தான் வேன் பிரேக் அடித்தது. நான் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஏறும் வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் தோட்டத்து ஆட்கள் வேலைக்கு வெளியே வருகிற நேரம். ஒன்று மாற்றி ஒன்று மோட்டார் வருகிறது. அந்த வழியே வருகிற கார், வேன், லோரி எல்லாமே அங்கே பிரேக்கை மிதிக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. போலீஸ் படத்தில் இருந்த கோடு கால்வாய் இல்லை, அந்தச் சந்து.

ஒருவேளை புதுச் சந்தோ என்று அங்கே ஒரு தோட்டத்து அம்மாவை நிறுத்திக் கேட்டேன். "எங்கப்பா காலத்துலேர்ந்து இருக்குங்க" என்றார்.

பதினொரு வருஷம் அந்த வழியில் போனீர்கள். உங்களுக்கு மட்டும் அது தெரியாது. ஏன் தெரியாது என்று எழுத என் கை வரவில்லை, ஆனால் உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். அந்த இடத்தில் நீங்கள் ஒரு நாளும் ரோட்டைப் பார்த்ததில்லை.

அவள் காரணமில்லாமல் பிரேக் அடிக்கவில்லை. மூன்று வாரம் ஓட்டின பிள்ளை, எல்லாரும் செய்கிறதைச் சரியாகச் செய்திருக்கிறாள். பின்னால் நீங்கள் கும்பிட்டுக்கொண்டு வந்தீர்கள்.

நீங்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. உங்களுக்கே தெரியாமல்தான் இத்தனை நாளும் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் இப்போது தெரிந்துவிட்டது. அந்த அம்மா, தன் பிள்ளைக்கு ஓட்டத் தெரியவில்லை, தெரியாத பிள்ளையை நான்தான் அனுப்பிக் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஜூலையில் நம் வக்கீல் எழுந்து நின்று அதையே மறுபடி சொல்லப் போகிறார். நீங்களே அவருக்கு எழுதிவிடுங்கள். உங்கள் வாயால் வருவதுதான் முறை. பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள்,
செல்வராணி


24 ஜூன் 2025

ராணி,

இந்தக் கடிதத்தை விடுதலையாகிப் போகிற அய்யாவு என்பவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் எழுதுவது சிறைக்காரர்கள் கண்ணில் படக்கூடாது. நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் சுகமாக இல்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டேன். சாமி கும்பிட்டதைக் கொலையாக்கிவிட்டாளே, இவள் என் பெண்டாட்டியா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்தில் படுக்கிறவர்கள் பிடித்து உட்கார வைத்தார்கள்.

பிறகு உட்கார்ந்து அந்த ரோட்டை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். டோல். பெட்ரோல் ஸ்டேஷன். மரப்பட்டறை, அங்கே வாசலில் கட்டியிருக்கும் வெள்ளை நாய். பஸ் நிற்கிற இடம். கோயில் வேல், மஞ்சள் துணி. அடுத்தது தாமான் போர்டு. கோயிலுக்கும் போர்டுக்கும் நடுவில் எனக்கு ஒன்றும் வரவில்லை. செம்பனை என்று எழுதினேனே, அதுகூட நான் பார்த்தது இல்லை, இருக்கும் என்று நினைத்து எழுதினது. திரும்பத் திரும்ப ஓட்டினேன். வரவில்லை. அன்றைக்கும் கையைப் பிரித்துக் கண்ணைத் திறந்தபோது அவள் கார் என் முன்னால் இருந்தது. எங்கிருந்து வந்தாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் அங்கேயேதான் இருந்திருக்கிறாள்.

நீ சொல்வது சரி. சரி என்று தெரிந்துதான் கேட்கிறேன். அந்த வீடியோவை அழித்துவிடு.

வீடியோ இல்லாவிட்டாலும் ஹேமநாதன் பேசுவார். பாதியாகக் குறைத்தாலும் போதும். நீ அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னால் அடுத்த நாள் அது அரசாங்க வக்கீல் காதுக்குப் போகும், என் கதை முடிந்தது. இன்னும் நாலு வருஷம் என்னால் இங்கே முடியாது ராணி. அந்தப் பெண் திரும்பி வரப் போவதில்லை. நான் வரலாம். லோஷினிக்கு அப்பா வேண்டாமா? உன் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள். யாரிடமும் சொல்லாதே.

கமலநாதன்


பெர்மாஸ் ஜெயா,
6 ஜூலை 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறீர்களா? நாங்கள் இருக்கிறோம். அய்யாவு அண்ணன் கடிதத்தைக் கையிலேயே கொண்டு வந்து கொடுத்தார். டீ போட்டுக் கொடுத்தேன். நீங்கள் இளைத்துவிட்டதாகச் சொன்னார். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நீங்கள் கேட்டதை நான் செய்யவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீடியோவை ஹேமநாதனிடம் கொடுத்தேன். கும்பிட்டதையும் சொன்னேன். "அக்கா, இத நீங்க எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். அப்பீலை என்ன செய்வது என்று நீங்கள்தான் முடிவு சொல்ல வேண்டுமாம், வந்து பார்ப்பார். எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. நீங்கள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்குவதில்லை, அதுவும் நிஜம். நாலு வருஷமும் நான் வருவேன். இப்போது பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, மாதாமாதம் நானே ஓட்டி வருவேன். பார்க்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னால் வாசலில் நின்றுவிட்டுத் திரும்புவேன்.

நேற்று கெலாங் பாத்தாவில் அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். வேதநாயகி அம்மா கேட் வரைக்கும் வந்து நின்றார். அடையாளம் தெரிந்துவிட்டது. "கோர்ட்டுல பாத்திருக்கேன்" என்றார். உள்ளே வா என்று கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோயில், சந்து, மோட்டார், வேன், நான் கும்பிட்டது, நீங்கள் கும்பிட்டது. முடித்ததும் அவர் கேட்டார்.

"அப்ப அவ பிரேக் அடிச்சது சரிதானா?"

"சரிதாம்மா. யாரா இருந்தாலும் அங்க அடிக்கத்தான் செய்யணும். எல்லாரும் அடிக்கிறாங்க, நான் பாத்தேன்."

"ஓட்டத் தெரியாத புள்ளைய தனியா விட்டுட்டேன்னு எல்லாரும் சொன்னாங்க. சொந்தக்காரங்களே சொன்னாங்க."

"நானும் சொல்லியிருக்கேம்மா."

"அவளுக்கு ஓட்டத் தெரியும்."

"தெரியும்மா. நல்லாவே ஓட்டியிருக்காங்க."

கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுத அழுகையை நான் எழுத மாட்டேன். நானும் இந்தப் பக்கம் சிமெண்டில் உட்கார்ந்துவிட்டேன். நடுவில் கேட் பூட்டியே இருந்தது. அரசாங்க வக்கீலிடம் சொல்வாரா மாட்டாரா என்று நான் கேட்கவில்லை. சொல்வார், சொல்லத்தான் வேண்டும்.

நான் எழுந்து வண்டிக்குப் போனேன். அவரும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பின்கண்ணாடியில் இருந்த P அவர் கண்ணில் பட்டது.

"தனியாவா வந்தீங்க?"

"ஆமாம்மா."

அவர் உள்ளே போய்ப் போனை எடுத்து வந்து என் நம்பரைக் கேட்டு வாங்கினார். உடனே அழைத்து, மணி அடித்ததும் நிறுத்தினார்.

"இதான் என் நம்பர். வீட்டுக்குப் போய்ச் சேந்ததும் ஒரு மெசேஜ் போடுங்க" என்றார்.

வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்குவதற்கு முன்பே போட்டேன். வந்து சேர்ந்துவிட்டேன் அம்மா என்று. உடனே பார்த்துவிட்டார், போனைக் கையிலேயே வைத்திருந்திருப்பார் போல.

உங்கள்,
செல்வராணி